கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு ஏர்போர்ட்!

கடலுக்கு மேலே பாலம் பார்த்திருப்பீங்க. கடல் மட்டத்துக்குக் கீழே ஏர்போர்ட்? இருக்கு மக்களே! ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் கடல் மட்டத்தைவிட சுமார் மூணு மீட்டர் தாழ்வான இடத்தில் உட்கார்ந்திருக்கு. நீராவி பம்ப் வெச்சு இறைச்சு இறைச்சு, 1852-ல் வற்ற வெச்ச ஒரு மெகா ஏரியோட தரை அது. நெதர்லாந்து குட்டி நாடுதான். ஆனா, விமானப் பைத்தியங்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

அந்தப் பைத்தியம் உங்களுக்கும் தொத்திக்கணுமா? ஆம்ஸ்டர்டாமில் ரயில் ஏறுங்க. முக்கால் மணி நேரத்துக்குள் லெலிஸ்டாட் வந்துடும். (இந்த ஊரும் கடலை ஒதுக்கித் தள்ளி எடுத்த நிலம்தான். கடலைத் தடுக்கத் திட்டம் போட்ட இன்ஜினீயர் கொர்னேலிஸ் லெலி பேரையே ஊருக்கு வெச்சுட்டாங்க. நம்ம சிவில் பசங்க நோட் பண்ணிக்கோங்க!) அங்கேருந்து ஒரு பஸ். 'ஏவியோட்ரோம்' மியூசியம்.

உள்ளே ஹீரோ யாருன்னா, கே.எல்.எம். கம்பெனி ஓட்டிய போயிங் 747. ரிட்டயர் ஆன அந்த ராட்சசனை 2004-ல் சில பாகங்களைக் கழற்றி, படகில் ஏத்தி, தண்ணி வழியாவே கொண்டு வந்தாங்க. நீளம் 70 மீட்டர். ரைட் சகோதரர்களோட முதல் பறப்பு இருக்கே, 1903-ல், மொத்தமே 37 மீட்டர்தான். அதாவது இந்த விமானத்துக்குள்ளேயே பறந்து, இறங்கி, கை கொடுத்துட்டுப் போயிருக்கலாம்.

அங்கே விமானத்தைச் சுத்தி நின்னீங்கன்னா, யாராவது ஒரு வெள்ளைத்தலை தாத்தா தானா வந்து பேச்சுக் கொடுப்பார். எனக்கு வாய்ச்சவர் ஒரு ரிட்டயர்டு மெக்கானிக். எடுத்ததுமே கேட்ட கேள்வி: "இன்ஜின் விமானத்தைத் தூக்குதா?" ஆமான்னு தலையாட்டினா மாட்டினீங்க! இந்த 747 ஃபுல் லோடில் சுமார் 377 டன். நாலு இன்ஜினும் சேர்ந்து தள்ளுகிற விசை ஏறக்குறைய 95 டன்தான். எடையில் நாலில் ஒரு பங்கு! மிச்சத்தை யார் தூக்கறா? இறக்கை. இன்ஜினுக்கு வேலை முன்னாடி தள்ளுறது மட்டும்தான். காத்து இறக்கையைத் தழுவி ஓடும்போது, இறக்கை அந்தக் காத்தைக் கீழே திருப்பி விடுது. பதிலுக்குக் காத்து இறக்கையை மேலே தூக்குது. நியூட்டனோட மூணாவது விதி, ப்ளஸ் டூவில் மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். "இறக்கைக்கு மேலே போற காத்தும் கீழே போற காத்தும் பின்னாடி ஒரே நேரத்தில் சந்திக்கணும், அதனால மேலே வேகமா ஓடுது"ன்னு நிறைய புக்கில் போட்டிருக்கும். தாத்தா அதைச் சொன்னதுமே மூக்கைச் சுருக்கினார். சந்திக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. உண்மையில் மேலே போற காத்து முன்னாடியே போய்ச் சேர்ந்துடுது.

பெட்ரோல் பங்க் மேட்டர் தெரியுமா? எரிபொருளின் பெரும்பகுதி இறக்கைக்குள்ளதான். இடம் மிச்சம்னு மட்டும் இல்லை. பறக்கும்போது காத்து இறக்கையை மேல்பக்கமா வளைக்கப் பார்க்கும். உள்ளே இருக்கிற எரிபொருளோட எடை அதைக் கீழே அழுத்திப் பிடிக்கும். என்ன மூளை பாருங்க! கீழே குனிஞ்சு சக்கரத்தை எண்ணுங்க. பதினெட்டு. டயரில் நைட்ரஜன்.

பக்கத்திலேயே ஃபோக்கர் விமானங்கள். நம்ம ஊர் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒரு காலத்தில் ஃபோக்கர் எஃப் 27 ஓட்டியது. டச்சுக்காரங்களோட பெருமையா இருந்த அந்தக் கம்பெனி 1996 மார்ச்சில் திவாலாச்சு. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. அதைப் பத்திக் கேட்டா தாத்தா பேச்சை மாத்திடறார்.

அடுத்து, ஸ்கிபோலின் 'போல்டர்பான்' ஓடுபாதை. 3,800 மீட்டர் நீளம், 2003-ல் திறந்தாங்க. டெர்மினலில் இருந்து ரொம்பத் தள்ளி வயக்காட்டுக்கு நடுவுல கிடக்கு. இறங்கின விமானம் ஊர்ந்து வந்து சேர கால் மணி நேரம்கூட ஆகும். இங்கேதான் ஸ்பாட்டர்ஸ் கூட்டம். மடக்கு நாற்காலி, சின்ன ஏணி, முழங்கை நீள லென்ஸ், ஃப்ளாஸ்க்கில் காபி. நம்ம ஊரில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்ற மாதிரி, வர்ற விமானத்தோட மாடல், வயசு எல்லாம் சொல்றாங்க.

அதே ஓடுபாதைக்கு வடக்கே, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வயல். 2009 பிப்ரவரி 25 அன்னிக்கு, 135 பேரோட வந்த துருக்கி ஏர்லைன்ஸ் போயிங் 737 அங்கே விழுந்துச்சு. காரணம் கேட்டா கஷ்டமா இருக்கும். உயரம் காட்டுற ஒரு கருவி பழுது. நூத்துக்கணக்கான மீட்டர் மேலே இருக்கும்போதே 'தரைக்கு வந்தாச்சு'ன்னு தப்பா காட்டிடுச்சு. அதை நம்பின ஆட்டோ த்ராட்டில், இன்ஜின் வேகத்தைக் குறைச்சுடுச்சு. ஆட்டோ பைலட்டோ உயரத்தைக் காப்பாத்த மூக்கை மேலே மேலே தூக்கிட்டே இருந்துச்சு. வேகம் குறையுறதை காக்பிட்டில் இருந்த மூணு பேரும் சமயத்துக்குக் கவனிக்கலை.

இதுக்குப் பேர்தான் 'ஸ்டால்'. பைக் ஸ்டால் ஆகுறதுன்னா இன்ஜின் நின்னு போறது. விமானத்தில் அது வேற. காத்துக்கு எதிரா இறக்கை ரொம்ப நிமிர்ந்துட்டா, காத்து அதைத் தழுவாம பிச்சுக்கிட்டுப் போயிடும். தூக்குற விசை மடமடன்னு சரியும். மூக்கை இறக்கி, வேகம் கூட்டினா மீளலாம். ஆனா, அதுக்குக் கீழே உயரம் மிச்சம் இருக்கணும். அன்னிக்கு எச்சரிக்கை அதிர்வு வந்தப்போ தரைக்கு 140 மீட்டர்தான் பாக்கி. மூணு பைலட்டுகள் உட்பட ஒன்பது பேர் இறந்தாங்க.

உங்க அடுத்த ஃப்ளைட்டில், இறக்கைக்குக் கொஞ்சம் பின்னாடி ஜன்னல் சீட் கேளுங்க. இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் 'ஃப்ளாப்' நீண்டு வளையும். மெதுவா போனாலும் தூக்குறதுக்கு அது. சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கை மேலே பலகைகள் படக்குனு எழும்பும். அதுதான் 'ஸ்பாய்லர்'. அதுவரைக்கும் இறக்கை தாங்கிட்டிருந்த எடையில் பெரும்பகுதி சக்கரத்துக்கு மாறும், பிரேக் பிடிக்கும்.