சோறு போடுகிறவரிடம் கணக்குக் கேட்கலாமா?

"சமையல் இல்லை, பாத்திரம் இல்லை, பெல்லை அழுத்தினால் நர்ஸ் வருவாள், இனி உங்களுக்கு என்ன கவலை?" என்றுதான் முதியோர் குடியிருப்புக்குப் போகிறவர்களை எல்லோரும் வாழ்த்தி அனுப்புகிறோம். கோயமுத்தூரைச் சுற்றி இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. என் அப்பாவும் அம்மாவும் ஆறு வருஷமாக அங்கே ஒன்றில்தான் இருக்கிறார்கள். சொந்த வீடு, சொந்தப் பத்திரம். ஆனால் சாப்பாடு, நர்ஸ், தோட்டம், காவல் எல்லாம் கட்டிக் கொடுத்த பில்டர் கையில்.

சாதாரண அடுக்குமாடி வீட்டில் சங்கம் பில்டரோடு மல்லுக்கு நின்றாலும் நம் வீட்டு அடுப்பு எரியும். இங்கே அப்படி இல்லை, சகோதரிகளே! காலையில் லிஃப்ட் ஓடவில்லை என்று யார் மேல் புகார் எழுதுகிறோமோ, அவருடைய ஆட்கள் ஊற்றும் ரசத்தைத்தான் மத்தியானம் சாப்பிட வேண்டும். ராத்திரி நெஞ்சு வலித்தால் அவருடைய ஆம்புலன்ஸ்தான். எழுபத்தெட்டு வயதில் யாருக்கு வாய் எழும்?

இரண்டு வருஷத்துக்கு முன் பராமரிப்புக் கட்டணம் திடீரென்று ஏறியது. என்ன செலவு, ஏன் ஏற்றம் என்று ஒரு வரி விவரம் இல்லை. வீடு வாங்கும்போது எல்லோரும் மொத்தமாகக் கட்டிய கார்பஸ் பணத்தின் வட்டி என்ன ஆகிறது என்றும் தெரியவில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் அப்பா, சும்மா இருப்பாரா?

"நீங்க பேசாம இருங்க. தட்டுல சாதம் வைக்கிறவங்களைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு யாரு பார்ப்பா?" என்று அம்மா அடக்கிவிட்டாள்.

ஆனாலும் ஐந்து பேர் போய்க் கேட்டார்கள். "உங்க சங்கம் பதிவாயிருக்கா சார்?" என்று திருப்பிக் கேட்டார் மேனேஜர். பதிவாகவில்லைதான்! 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, சங்கம் அமைய வழி செய்ய வேண்டியதே பில்டரின் கடமை. அதில் பங்கெடுப்பது வீடு வாங்கியவர்களின் கடமை. பொது இடங்களையும் அவற்றின் பத்திரங்களையும் அவர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை நியாயமான கட்டணத்தில் பராமரித்துத் தர வேண்டும். கட்டடத்தில் குறை இருந்தால், ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் சொன்னால், காசு வாங்காமல் சரி செய்ய வேண்டும்.

கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு. பாதி வீடுகள் பிள்ளைகள் பேரில், பிள்ளைகளோ அமெரிக்காவில். இருக்கிறவர் ஒருவர், சொந்தக்காரர் வேறொருவர். தனியாக இருக்கும் அம்மாக்கள், "என் பையனைக் கேட்டுச் சொல்றேனே" என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் அவர்களிடம் போய்ப் பேசியது யார் தெரியுமா? என் அம்மாதான்! சாயங்கால நடையின்போது ஒவ்வொருவராகப் பிடித்து, மகன்களுக்குப் போன் போட வைத்து, அதிகாரக் கடிதம் வரவழைத்தாள்.

சங்கம் பதிவானது. உடனே சிலர், "சமையலறையையும் நாமே எடுத்துக்கலாம்" என்றார்கள். எனக்கு அது வீண் வம்பாகவே பட்டது. நாலு சமையல்காரர் நின்றுவிட்டால் இந்த வயதில் ஆள் தேடி அலைய முடியுமா? பில்டரும் முழுக்கக் கெட்டவர் இல்லை. காய்கறி விலையும் சம்பளமும் ஏறியது நிஜம். தவிர, விற்காத வீடுகள் இன்னும் அவர் கையில். பார்க்க வருகிறவர்கள் காதில் சண்டைச் சத்தம் விழுவதை அவரும் விரும்பவில்லை. சமையல் அவரிடமே ஒரு வருஷ ஒப்பந்தத்தில், கணக்கு சங்கத்திடம் என்று முடிவாயிற்று. மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019-இல் முதியோர் இல்லங்களுக்கு வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதலும், பில்டர், சேவை தருபவர், வீடு வாங்குபவர் மூவருக்கும் சேர்த்து ஒப்பந்தம் போடச் சொல்கிறது.

உங்கள் பெற்றோருக்கோ மாமனார் மாமியாருக்கோ இப்படி வீடு பார்க்கிறீர்களா? தோட்டத்தையும் கோயிலையும் அப்புறம் பார்க்கலாம். கார்பஸ் பணம் யார் பேரில் பாங்கில் இருக்கும், சங்கத்துக்கு எப்போது மாறும் என்று முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் கார்பஸ் பணம் போன சித்திரையில் சங்கத்தின் பேருக்கு வந்துவிட்டது. பழைய வட்டிக் கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அப்பா மூன்றாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.