சூடு வராத ஹீட்டர்: ராகலையின் பழைய டீசல் கெப் வண்டிகள்

பழைய டீசல் கெப் வண்டியின் ஹீட்டர் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீரில் ஒரு பங்கு, சிலிண்டர் ஹெட்டிலிருந்து ரப்பர் ஹோஸ் ஒன்றின் வழியாக வந்து, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள சின்ன ரேடியேட்டருக்குள் ஓடி, இன்னொரு ஹோஸ் வழியாக வோட்டர் பம்புக்குத் திரும்புகிறது. அந்தச் சின்ன ரேடியேட்டரைத்தான் ஹீட்டர் கோர் என்கிறார்கள். அதன் மேல் மின்விசிறி காற்றை ஊதுகிறது. ஆகவே கெபினுக்குள் சூடு குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்று: எஞ்சின் தண்ணீர் சூடாகவில்லை, சூடான தண்ணீர் கோருக்கு வந்து சேரவில்லை, அல்லது காற்று கோரைத் தொட்டு வரவில்லை.

இலங்கையின் பெரும்பகுதியில் யாருக்கும் இந்தக் கருவி தேவையில்லை. நுவரெலியாப் பக்கத்து மலையூரான ராகலையில் தேவைப்படுகிறது. நானுஓயாவிலிருந்து 1904இல் ராகலை வரை வந்த குறுகிய ரயில்பாதை 1940களில் மூடப்பட்டதிலிருந்து கொழுந்தும் மரக்கறியும் ஆட்களும் போக ரோடு ஒன்றுதான் வழி. லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றிய வண்டிகள் தம்புள்ளைச் சந்தைக்கு இரவில்தான் இறங்குகின்றன. தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி பிடிக்கும் இரவுகளும் உண்டு. கந்தப்பளைப் பக்கம் மூடுபனிக்குள் போகும்போது, குளிரைப் பொறுக்கலாம். உள்ளே மூச்சுக்காற்று படிந்து மங்கும் முன்கண்ணாடிதான் ஆபத்து. ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் துணியுமாக வளைவு திருப்பும் சாரதிகள் இங்கே அதிசயமில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 வரை பெருமளவு முடங்கிக் கிடந்ததால், இருபது முப்பது வயதான ஹைலக்ஸும் எல்200உம் இன்னும் வேலையில் இருக்கின்றன.

இவற்றில் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஹீட்டர் ஒழுங்காகவே இருந்திருக்கும். பிறகு கை மாறி மாறி, கீழ்நாட்டுக் கராஜ்களில் அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். கோர் லேசாக ஒழுகினால் இரண்டு ஹோஸையும் கழற்றி, வளைந்த குழாய் ஒன்றால் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது வழக்கம். கொழும்பில் அது புத்திசாலித்தனம். ராகலையில் அதே வேலை இரவுப் பயணத்தைக் கெடுக்கிறது. அதனால் வண்டியை வாங்கியவர் “பாஸ், ஹீட்டர் வேலை செய்யல்ல” என்று கொண்டு வந்து நிறுத்தினால், அனுபவசாலி மெக்கானிக் டேஷ்போர்டில் கை வைப்பதில்லை. முதலில் பொனட்டைத் திறந்து, ஹோஸ்கள் போகவேண்டிய இடத்துக்குப் போகின்றனவா என்று பார்க்கிறார்.

அடுத்தது தண்ணீர் மட்டம். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால், பல வண்டிகளில் முதலில் வறண்டு போவது உயரத்தில் இருக்கும் ஹீட்டர் சுற்றுதான். எஞ்சின் கொதிக்கும் முன்பே ஹீட்டர் குளிர்ந்துவிடும் என்பதால் இதை எச்சரிக்கையாகவும் கொள்ளலாம்.

மூடியை யாரும் கவனிப்பதில்லை. மலைநாட்டுக் கதையில் பாதி அதில்தான் தொடங்குகிறது. நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சினுக்குள் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்துப் போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பாரம் ஏற்றிய வண்டி றம்பொடை ஏற்றத்தில் பொங்கி நின்றுவிடும். உடனே செய்யப்படும் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. பொங்குவது சில காலம் நிற்கலாம். ஹீட்டரும் அன்றோடு நின்றுவிடுகிறது.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் உள்ள மெழுகு வால்வு. வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும் பெரும்பாலும் 76 முதல் 88 பாகைக்குள் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால், அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், மலைக்காற்றில் எஞ்சின் எளிதில் சூடேறாது. டீசல் எஞ்சினுக்கு இது இன்னும் மோசம். சும்மா ஓடும்போது அது மணிக்கு ஒரு லீற்றருக்கும் குறைவாகவே டீசல் எரிக்கிறது. அதில் தண்ணீருக்குச் சேரும் சூடு, முழு வேகத்தில் சுற்றும் ஹீட்டர் விசிறி இழுத்துக்கொள்வதற்குப் போதாது. காலையில் வண்டியை நிறுத்தியபடியே அரைமணி ஓடவிட்டாலும் கெபின் சூடாகாததற்குக் காரணம் இதுதான். அப்போது விசிறியைக் குறைத்தால் வரும் காற்று சற்றுச் சூடாகவே இருக்கும். வலப்பனைப் பக்கம் கியரில் இறங்கும்போதும் அப்படியே. கால் எடுத்தால் டீசல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, எஞ்சின் ஆறுகிறது.

சோதிக்கக் கருவி வேண்டாம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, விசிறியில் படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் நல்லதென்றால் அந்த ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு திறந்து கிடக்கிறது, அல்லது அங்கே வால்வே இல்லை. கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் கொதிக்கவைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அதில் மலைநாட்டுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. 88 பாகையில் திறக்கத் தொடங்கும் வால்வு முழுதாகத் திறக்க நூறு பாகை அளவு வேண்டும். இங்கே சட்டித் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டாது. பாதி திறந்ததைப் பார்த்து நல்ல வால்வைக் குப்பையில் போடக்கூடாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதில் வேறொரு கேடும் இருக்கிறது. பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, சூடேறியதும் பைபாஸ் துளையை மூடும். வால்வையே எடுத்துவிட்டால் துளை எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். அதாவது, பொங்காமலிருக்கக் கழற்றியதே பாரத்தில் பொங்க வைக்கலாம்.

மேல் ஹோஸ் சரியாகச் சுட்டும் கெபின் குளிர்ந்தால், கெபின் சுவருக்குள் நுழையும் இரண்டு சின்ன ஹோஸ்களுக்கு வரவேண்டும். ஒரே கையால் மாற்றி மாற்றித் தொட்டால் போதும். இரண்டும் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது. போவது சுட்டு, வருவது வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைபட்டிருக்கும். இரண்டும் குளிர்ந்தால் ஹீட்டர் டெப் திறக்கவில்லை, அல்லது காற்று அடைத்திருக்கிறது. பழைய வண்டிகளில் அந்த டெப்பை டேஷ்போர்டு லீவர் ஒரு கம்பிக் கேபிளால் இழுக்கிறது. வருடக்கணக்கில் அசையாத டெப் துருவில் இறுகி, லீவரைத் தள்ளும்போது கேபிளின் கிளிப்தான் கழன்று விழும்.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீர் ஊற்றுவது. இரும்புப் புளொக் துருப்பிடித்து, அந்தச் சிவப்புச் சேறு கோரின் மெல்லிய குழாய்களில் படிகிறது. ராகலை ஓடைத் தண்ணீரில் உப்பு குறைவு. ஆனால் தம்புள்ளையில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரும் வண்டிக்கு வறண்ட வலயத்தின் கடினநீர் சுண்ணப் படிவையும் சேர்த்துக் கொடுக்கும். கழுவும்போது இரு ஹோஸையும் கழற்றி, தோட்டக் குழாயால் முதலில் எதிர்த்திசையில், மெதுவாகத் தண்ணீர் விடவேண்டும். செங்கல் நிறத்தில் வெளியேறும் தண்ணீர் தெளியும் வரை திசை மாற்றி மாற்றி விடுவார்கள். கொம்பிரசர் காற்றை நேரே அடித்தால் பழைய கோர் பிளந்துவிடும். காரமான சோடாக் கரைசல் அலுமினியக் கோரை அரித்துவிடும்.

திரும்ப நிரப்பும்போது காற்று சிக்கும். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டர் டெப்பைத் திறந்து, ஆறிய எஞ்சினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து, குமிழி அடங்கும் வரை மெல்ல ஊற்ற வேண்டும். ராகலையில் மேடு தேடி அலைய வேண்டியதில்லை. குமிழி அடங்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, ஒவ்வொரு நாளும் தண்ணீர் குறைந்தாலோ, ஹெட் கெஸ்கெட் அல்லது ஹெட் வெடிப்பைச் சந்தேகிக்க வேண்டும்; எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து ஹீட்டர் சுற்றைக் காற்றால் நிரப்புகிறது. அப்போது ஹீட்டரை விட்டுவிட்டு எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஹோஸும் நன்றாகச் சுட்டும் குளிர்காற்று வந்தால் கோளாறு காற்றுப் பக்கத்தில். சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவின் கேபிள் கழன்றிருக்கும். அல்லது கதவின் ஓரத்துப் பஞ்சு பொடியாகி, காற்று கோரைத் தொடாமல் நழுவும். கோரின் மேல் தேயிலைத் தூசும் இலைச்சருகும் கம்பளம்போல் படிந்திருப்பதும் சகஜம். விசிறி ஒரே வேகத்தில் மட்டும் சுற்றினால் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். கண்ணாடியில் எண்ணெய்ப் பசையான ஆவி படிந்து, இனிப்பு வாசமும் அடித்து, காலடிக் கம்பளமும் நனைந்திருந்தால் கோர் ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.