நகரும் நிலத்தில் ஒரு பயணம்

கப்பலும் ரயிலுமாக வடகிழக்கின் காட்டுவெளிக்கு: பயணிகள் பார்க்கப் போகும் அழகுதான், அங்கே பிறந்தவர்களை பெங்களூர் அடுகோடி வரை துரத்துகிறது.

இரவு பத்து மணிக்கு மேல் பெங்களூரின் அடுகோடியில் அடுக்குமாடிக் கட்டடங்களைக் கடந்து போனால், சில வாசல்களில் காவலாளிகள் பேசிக்கொள்ளும் மொழி கன்னடமும் அல்ல, தமிழும் அல்ல. பகலில் இந்த இடத்தின் முகம் வேறு. ஒரு பக்கம் 1950களில் 'மைக்கோ' என்ற பெயரில் எழுந்த பாஷ் வளாகம். அதன் எந்திரங்கள் பிடதிக்கு இடம்பெயர்ந்துவிட, 2022-ல் அது தொழில்நுட்ப வளாகமாக மறுபிறவி எடுத்தது. மறுபக்கம் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் மரங்கள். இடையே ஓசூர் சாலை நெரிசல், தமிழ் ஒலிக்கும் டீக்கடைகள்.

இந்தக் குடியிருப்புகளில் விடுமுறை என்றால் ஒரு காலத்தில் ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சினால் காசி. இப்போது திட்டங்கள் நீள்கின்றன. பனிமலை, காட்டாறு, காட்டு விலங்கு என்று தேடுபவர்களுக்கு அலாஸ்காவின் கப்பல்-ரயில் சுற்றுலா விளம்பரங்களில் கண்சிமிட்டுகிறது. ஆனால் பாஸ்போர்ட் இல்லாமலே அதே வகைப் பயணம் போக இந்தியாவிலேயே ஓர் இடம் இருக்கிறது. ஆற்றில் கப்பல், மலையில் ரயில், நடுவே காடு. இடம் அஸ்ஸாம். அதற்கான ரயில் பெங்களூரின் பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா முனையத்திலேயே நிற்கிறது. அதன் பெயரே காசிரங்கா எக்ஸ்பிரஸ்.

ஏறத்தாழ 3000 கி.மீ. தூரம். இரண்டு இரவுகளுக்குக் குறையாத பயணம். ஏசி பெட்டியில் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டும் குடும்பங்கள். முன்பதிவில்லாத பெட்டியிலோ ஊருக்குத் திரும்பும் இளைஞர்கள். ஒரே ரயில், ஒரே ஊர், இரண்டு விதப் பயணங்கள்.

குவாஹாட்டியை நெருங்கும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள். பிரம்மபுத்திரா. தென்னாட்டுக் கண்களுக்கு அதை ஆறு என்று ஏற்கச் சற்று நேரம் பிடிக்கிறது. மறுகரை பல இடங்களில் வெறும் கோடு. சில இடங்களில் அதுவும் இல்லை. இந்திய ஆறுகளில் பெரும்பாலானவை பெண்கள். இவன் ஆண், பிரம்மாவின் புதல்வன்.

இந்த ஆற்றைப் பாலம் வழியாகக் கடப்பது 1962-ல் வந்த வசதி. சராய்காட் பாலம் அந்த ஆண்டுதான் போக்குவரத்துக்குத் திறந்தது. அதுவரை கல்கத்தாவிலிருந்து வரும் ரயில் வடகரையில் அமீன்காவ்னில் நின்றுவிடும். பயணிகள் மூட்டை முடிச்சுடன் இறங்கி, நீராவிக் கப்பலில் ஆற்றைக் கடந்து, தென்கரையில் பாண்டு துறையில் அடுத்த ரயிலைப் பிடிப்பார்கள். இன்று உல்லாசப் பயணம் என்று விற்கப்படும் கப்பல்-ரயில் கூட்டணி, அன்று அஸ்ஸாம்காரரின் தலையெழுத்து. தேயிலையும் கல்கத்தாவுக்குக் கப்பலில்தான் போனது. 1965 யுத்தத்தில் கிழக்கு பாகிஸ்தான் வழியான ஆற்றுப்பாதை மூடப்பட்டதும் அந்தக் கப்பல் தொழில் சரிந்தது. 1988-ல் துப்ரியிலிருந்து சதியா வரை 891 கி.மீ. ஆறு, தேசிய நீர்வழி எண் 2 என்று அறிவிக்கப்பட்டது.

ஆற்றுக்குப் பயணிக் கப்பல்கள் திரும்பியது இந்த நூற்றாண்டில். 2003-ல் தொடங்கிய அஸ்ஸாம் பெங்கால் நேவிகேஷன் நிறுவனத்தின் 'சராய்தேவ்', பின்னர் 'மகாபாகு' என்று ஒவ்வொன்றாக வந்தன. 2023 ஜனவரி 13-ல் வாரணாசியிலிருந்து சுவிட்சர்லாந்துப் பயணிகளுடன் கிளம்பிய 'கங்கா விலாஸ்', வங்கதேசம் வழியாக 3200 கி.மீ. கடந்து திப்ருகரை அடைந்தது. அறிவிக்கப்பட்ட பயணக்காலம் 51 நாள். கட்டணங்கள் உயரம். அடுகோடிக் காவலாளியின் மாதச் சம்பளம் இந்தக் கப்பல்களில் சில இரவுகளுக்குள் கரைந்துவிடும்.

கப்பல் ஓடும் பருவம் மழை ஓய்ந்த பின், குளிர்காலத்தில். தட்டையான அடிப்பகுதி கொண்ட இந்தக் கப்பல்கள் இரவில் ஓடுவதில்லை. பகலில் வெளிச்சம் இருக்கும்வரை ஓடிவிட்டு, மாலையில் ஏதாவது ஒரு மணல்திட்டில் கட்டப்படுகின்றன. காரணம் எளிது. ஆற்றின் வழி மாறிக்கொண்டே இருக்கும். போன வாரம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வாரம் மணல் தட்டும். மூங்கில் கழிகளை நட்டு வழி குறிக்கிறார்கள். அந்தத் தடத்தை அறிந்த உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கேப்டனால் நகர முடியாது.

மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதெல்லாம் காட்சி. வெண்மணல் திட்டுகள், அதில் இறங்கும் வாத்துக் கூட்டங்கள், திடீரென்று முதுகு காட்டி மறையும் ஆற்று டால்பின். 2009-ல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்ட இந்த டால்பினுக்குப் பார்வை அநேகமாக இல்லை. கலங்கிய நீரில் ஒலியை வைத்தே வழி தேடுகிறது. அவ்வப்போது தூரத்துக் கரையிலிருந்து ஒரு சத்தம் கேட்கும், பொதி விழுவதுபோல. ஆறு கரையைத் தின்னும் சத்தம் அது.

இந்தப் பசிக்கு ஒரு தேதி உண்டு. 1950 ஆகஸ்ட் 15. நாடு சுதந்திர தினத்தைக் கொண்டாடிய அன்று, 8.6 ரிக்டர் அளவில் பூமி அதிர்ந்தது. மலைகள் சரிந்து ஆற்றில் மண்ணைக் கொட்டின. படுகை உயர்ந்தது, நீர் பக்கவாட்டில் பரவியது. திப்ருகர் நகரின் ஒரு பகுதியே ஆற்றோடு போனது. அன்று முதல் அஸ்ஸாம் இழந்த நிலம் 4.27 லட்சம் ஹெக்டேர் என்கிறது மாநில நீர்வளத்துறை. மாநிலத்தின் மொத்தப் பரப்பில் 7.4 சதவீதம். வெள்ளம் வடிந்தால் வயல் திரும்பக் கிடைக்கும். அரிப்பில் போனது திரும்புவதில்லை.

கப்பல் பயணத்தின் உச்சம் காசிரங்கா. 1974-ல் தேசியப் பூங்கா, 1985-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். 2022 கணக்கெடுப்பில் இங்கு 2613 ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்கள். ஆளுயரப் புல்லுக்குள் ஜீப் நிற்க, சாம்பல் நிறப் பாறை ஒன்று மெல்ல நடக்கத் தொடங்கும்போது காமிராக்கள் படபடக்கின்றன. அந்தப் புல்வெளியை உண்டாக்குவதும் ஆறுதான். ஆண்டுதோறும் வரும் வெள்ளம் வண்டலைப் போட்டு, ஏரிகளை நிரப்பி, களையை அடித்துக்கொண்டு போகிறது. அதே வெள்ளம் எல்லை மீறினால் விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி ஆங்லாங் மேட்டுக்கு ஓட வேண்டும். 2017-ல் ஓட முடியாமல் இறந்தவை நூற்றுக்கணக்கில்.

அடுத்த நிறுத்தம் மாஜுலி, ஆற்றின் நடுவே ஒரு மாவட்டம். சொகுசுக் கப்பலுக்கு வழியில்லாதவர்கள் ஜோர்ஹாட் அருகே நிமாதி துறையில் சாதாரணப் படகு ஏறலாம். மோட்டார் சைக்கிள், கோழிக்கூடை, பள்ளி ஆசிரியர், மணப்பெண் எல்லோரும் ஒரே தளத்தில். 2021 செப்டம்பரில் இங்கே இரு படகுகள் மோதிய விபத்துக்குப் பிறகு பாதுகாப்பு உடுப்பு பற்றிய பேச்சு கூடியது. பாலத்துக்கு அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது.

சங்கரதேவர் தொடங்கிய வைணவ மரபின் சத்திரங்கள் தீவின் உயிர். பெயர் சத்திரம் என்றாலும் நம்மூர்ச் சத்திரம் அல்ல. மடம், நாடகக் கொட்டகை, கலைக்கூடம் மூன்றும் சேர்ந்தது. சாமகுரி சத்திரத்தில் மூங்கில் கூடையின் மேல் களிமண்ணும் சாணமும் பூசி ராவணனும் கருடனும் முகமூடிகளாக உருவாகிறார்கள். 2024-ல் இந்த முகமூடிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மிசிங் பழங்குடியினரின் வீடுகள் மூங்கில் கால்களில் நிற்கின்றன. வெள்ளம் வந்தால் அடியில் ஓடிப் போகட்டும் என்ற ஏற்பாடு. ஆனால் அடியிலுள்ள நிலமே போனால் கால்கள் எதில் நிற்பது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 1250 சதுர கி.மீ. இருந்த தீவு இன்று அதில் பாதிக்கும் குறைவு. சில சத்திரங்கள் தெய்வத்தையும் ஏட்டுச்சுவடிகளையும் சுமந்துகொண்டு கரைக்கே குடிபெயர்ந்துவிட்டன.

மாஜுலியிலிருந்து கரை திரும்பி மரியானியில் ரயில் ஏறினால், லும்டிங் வழியாக மலை. லும்டிங்-பதர்பூர் பாதை, நூறாண்டுக்கு முன் அஸ்ஸாம் பெங்கால் ரயில்வே காட்டை வெட்டிப் போட்டது. பழைய மீட்டர் கேஜ் தடத்தில் மட்டும் 37 சுரங்கங்கள். 1996-ல் ஒப்புதல் பெற்ற அகலப்பாதைத் திட்டம், தீவிரவாதிகளின் தாக்குதல்களாலும் இளகிய மண்ணாலும் இழுபட்டு, 2015-ல்தான் முடிந்தது. 2021 ஆகஸ்டில் குவாஹாட்டியிலிருந்து நியூ ஹாஃப்லாங் வரை கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டி விடப்பட்டது. தலைக்கு மேல் மூங்கில் காடு, காலுக்குக் கீழ் மேகம். சுரங்கத்தின் இருட்டில் நுழையும் ஒவ்வொரு முறையும் குழந்தைகள் கூச்சலிடுகிறார்கள்.

2022 மே மாதம் அந்தப் படத்தின் மறுபக்கம் தெரிந்தது. விடாத மழையில் மலை இறங்கி வந்து நியூ ஹாஃப்லாங் நிலையத்தை மூடியது. நின்றிருந்த ரயில் பெட்டிகள் சேற்றில் கவிழ்ந்தன. வழியில் சிக்கிய பயணிகளில் சிலரை விமானப்படை மீட்டது. பாதை சீராக இரண்டு மாதம் ஆயிற்று. பாரக் பள்ளத்தாக்கு, திரிபுரா, மிசோரத்துக்கு அரிசியும் பெட்ரோலும் போகும் ரயில் பாதை அது ஒன்றுதான். சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு ரத்தான டிக்கெட். அகர்தலாக்காரருக்கு பெட்ரோல் பங்க் முன் வரிசை.

ஆற்றில் கரை சரிவதும் மலையில் மண் சரிவதும் ஒரே கதை. இளம் இமயமும் அதன் அண்டை மலைகளும் இன்னும் அடங்காத நிலம். அதுதான் அழகு; அதுதான் ஆபத்து. நிலம் போன குடும்பத்தின் பிள்ளைக்கு எஞ்சியிருப்பது தெற்கே போகும் ரயில். பெங்களூரில் காவல் வேலை, ஓட்டல் வேலை, அழகு நிலைய வேலை.

அந்த வாசலும் எப்போதும் திறந்தே இருந்துவிடவில்லை. 2012 ஆகஸ்டில், அஸ்ஸாமின் கோக்ராஜார் கலவரத்தைத் தொடர்ந்து பரவிய வதந்திகளை நம்பி, பெங்களூரில் இருந்த வடகிழக்கினர் ஆயிரக்கணக்கில் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. ஒரே நேரத்தில் பலருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதை மத்திய அரசு 15 நாள் தடை செய்தது. அடுகோடியை அடுத்த நீலசந்திரா, ஈஜிபுரா பகுதிகளில் வாடகை அறைகள் இரவோடிரவாகக் காலியாயின. சில வாரங்களில் பலரும் திரும்பி வந்தார்கள். ஊரில் காத்திருந்தது அதே ஆறு.

பயணம் முடித்து அடுகோடி திரும்பும் குடும்பத்தின் பையில் மாஜுலி முகமூடியும், ஒரு பொட்டலம் தேயிலையும், ஆயிரம் புகைப்படங்களும் இருக்கும். வாசலில் கேட்டைத் திறந்துவிடும் இளைஞன் நிமாதி துறை வழியாக வந்தவனாக இருக்கலாம். அந்தப் புகைப்படங்களில் ஒன்றைக் காட்டினால், அந்தக் கரை போன ஆண்டு எதுவரை இருந்தது என்று அவனால் சொல்ல முடியும். எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அந்த விவரம் கிடையாது.