நவாபின் அவையிலிருந்து நடைபாதைக்கு

சென்னைக்குச் செல்லும் வாசகர்கள் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்ததும், உடனே பேருந்தைத் தேடி விரைந்துவிட வேண்டாம். ஜாம் பஜார் வரை சற்றுக் காலாற நடந்து பாருங்கள். கண்களைக் காட்டிலும் காதுகளுக்கே அங்கு விருந்து அதிகம். "ஒரே பேஜாரு", "சோக்கா கீது", "உசாரா இரு", "கலீஜ் பண்ணாதே" என்று கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். 'இதுவும் ஒரு தமிழா?' என்று முகம் சுளிப்போர் பலர். சுளிப்பதற்கு முன்னால், அச்சொற்கள் பிறந்த வீட்டை அறிந்துகொள்வது நல்லதல்லவா?

ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் சேப்பாக்கம் மாளிகை 1768ஆம் ஆண்டில் எழுந்தது. அவருடைய அவையில் பாரசீகம் கோலோச்சியது. சிப்பாய்களும் சமையற்காரர்களும் வணிகர்களும் தக்கினி உருது பேசினர். 1795ல் வாலாஜா பள்ளிவாசல் கட்டப்பட்டபோது, அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை இயற்றியவர் யார் தெரியுமா? ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர்! அக்கவிதை இன்றும் பள்ளிவாசலில் கல்லெழுத்தாக விளங்குகிறது. 1855ல் ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்தனர். மாளிகை அரசாங்க அலுவலகமாயிற்று. சொற்கள் மட்டும் தெருவிலேயே தங்கிவிட்டன.

'பேஜார்' என்பது 'பேஸார்' என்ற பாரசீகச் சொல். சலிப்புற்றவன் என்பது அதன் பொருள். 'உஷார்' என்பதற்கு மூலமான 'ஹோஷியார்' அறிவுத் தெளிவுடையவனைக் குறிக்கும். 'தில்' என்றால் இதயம். சென்னையிலோ அது துணிச்சலாகிவிட்டது. வலிமையைச் சொன்ன 'ஸோர்', 'ஜோர்' ஆகி அழகைப் பாராட்டுகிறது. ஏக்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'ஷவ்க்', உருதுவில் 'ஷவுக்' என்னும் விருப்பமாகி, இங்கே 'சோக்கு' ஆயிற்று.

ஊருக்கு ஊர் பொருள் மாறுவதுதான் பெரிய விந்தை. 'தமாஷா' அரபு மூலத்தில் நடத்தலோடு தொடர்புடையது. பாரசீகத்தில் அது வேடிக்கை பார்த்தலாயிற்று. மராட்டியத்தில் ஒரு நாட்டுப்புறக் கூத்துக்குப் பெயராயிற்று. நம்மிடமோ வெறும் சிரிப்புப் பேச்சாக நின்றுவிட்டது. தொழுகையில் இரு ஸஜ்தாக்களுக்கு இடையே அமர்கிறோமே, அந்த அமர்வின் பெயர் 'ஜல்ஸா'. உருது பேசுவோர் பொதுக்கூட்டத்தை ஜல்ஸா என்பர். சென்னைத் தெருவில் 'ஜல்சா' என்றால் கேளிக்கை! 'கலீஜ்' என்றால் அழுக்கு. உருதுவிலும் 'கலீஸ்' அப்பொருளையே தரும். ஆனால் அதன் அரபு மூலமான 'கலீழ்' தடித்தது, உறுதியானது என்று பொருள்படும். திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் திருமண உடன்படிக்கையின் உறுதியைச் சொல்லுமிடத்தில் இச்சொல்லைத்தான் ஆள்கிறது.

இனி, தெற்கே காயல்பட்டினத்திற்கும் கீழக்கரைக்கும் வாருங்கள். பல நூற்றாண்டுகளாக அரபு வணிகர்களோடு உறவாடிய ஊர்கள் இவை. எனினும் இங்குள்ள முஸ்லிம் இல்லங்களில் காலை உணவு 'நாஷ்டா' அன்று, 'பசியாறுதல்'. குழம்புக்குப் பழந்தமிழ்ச் சொல்லான 'ஆணம்' இன்றும் வழங்குகிறது. சென்னையில் 'நாஷ்டா துன்னியா?' என்று கேட்பவர் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாத உழைப்பாளி. அவர் நாவில் பாரசீகம். காயல் மூதாட்டியின் நாவில் தூய தமிழ். சொல்லுக்கு மதம் கற்பிக்க முனைவோர் இவ்விரு வீடுகளையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

இவை யாவும் சுவையான செய்திகள். ஆனால் ஒரு சொல்லை மட்டும் சுவைக்காகக் கேட்டுவிட்டு நகர முடியாது. சந்தைச் சண்டைகளில் மலிவாக வீசப்படும் 'பேமானி' என்ற வசைதான் அது. 'பே' என்பது இன்மையைக் குறிக்கும் பாரசீக முன்னொட்டு. அதன்பின் நிற்பது நம் 'ஈமான்'. உருதுவில் 'பேஈமானி' என்பது நேர்மையின்மையைக் குறிக்கும். சென்னையில் அது ஆளையே குறிக்கும் வசையாயிற்று. பொருளறியாதவர் சொன்னால் அது வெறும் ஏச்சு. நாள்தோறும் ஈமானின் பொருளை ஓதும் பிள்ளைகள், விளையாட்டில் தோற்றவுடன் தோழனை நோக்கி இச்சொல்லை வீசினால்? அவனிடம் நம்பிக்கையே இல்லையென்று தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு உரிமை தந்தவர் யார்? பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருப்பதை நாம் அறிவோம்.

ஆகவே அன்பு வாசகர்களே, தெருப்பேச்சு முழுவதையும் இழிவென்று தள்ளாதீர்கள். அதில் நம் வரலாறு பொதிந்து கிடக்கிறது. "இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?" என்று இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளிடம் கேளுங்கள். 'சோக்கு' என்றால் சிரித்து மகிழட்டும். 'பேமானி' என்றால் அதற்குள் இருப்பது எது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். தெரிந்த பிள்ளை அதை எளிதில் எறியமாட்டான்.