எங்கள் வீட்டுப் புலி

கையெழுத்துப் போட்ட பிறகு அடியில் ஒரு கோடு இழுக்காவிட்டால் சிலருக்குத் திருப்தி ஏற்படுவதில்லை. வேறு சிலர் இரண்டு புள்ளி வைப்பார்கள். நான் ஒரு புலியைப் போட்டு வந்தேன். ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் ஒரே புலி. வாய் பிளந்து, நாலு பல் தெரிய, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் புலி. அந்தப் புலியைச் சமீபத்தில் மாற்றிவிட்டேன். ஒரு சித்திரத்தை மாற்றுவதற்கா இவ்வளவு பீடிகை என்று வாசகர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பத்தாவது வயதில், பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளை ஒப்பிக்க எழுந்து நின்றவன், வாய் திறவாமல் அழுதுகொண்டே வீடு திரும்பினேன். அப்பா திட்டவில்லை. என் ஜாதகத்தை எடுத்து விரித்தார். "நீ சித்திரை நட்சத்திரமடா! புலி மிருகம்! புலி அழலாமா?" என்றார். என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தில் ஒரு புலியையும் வரைந்து கொடுத்தார். மறுநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே முழுச் செய்யுளையும் ஒப்பித்துவிட்டேன்.

ஜோசியத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இந்த மிருகக் கணக்கு வேடிக்கையாயிருக்கும். நட்சத்திரங்கள் இருபத்தேழுக்கும் பதினான்கு மிருகங்களைப் பங்கிட்டிருக்கிறார்கள். அசுவினிக்குக் குதிரை, பரணிக்கு யானை, மகத்துக்கு எலி. உத்திராடத்துக்குக் கிடைத்தது கீரி. சித்திரைக்கும் விசாகத்துக்கும் புலி. கல்யாணத்திற்குப் பொருத்தம் பார்க்கும்போது இந்த மிருகங்கள் ஒன்றுக்கொன்று பகையா, நட்பா என்றும் பார்ப்பார்கள். என் மனைவி உத்திரட்டாதி, பசு. பசுவுக்கும் புலிக்கும் ஜன்மப் பகை என்று ஜோசியர் எச்சரித்தார். பெரியவர்கள் கேட்கவில்லை. அன்று முதல் இன்று வரை எங்கள் வீட்டில் பயந்து நடப்பது எந்த மிருகம் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் கடிதத்தில் மட்டும் புலி புலியாகவே இருந்தது. ஆபீஸ் குறிப்பேட்டிலும் வாழ்த்துக் கடிதத்திலும், ஹாஸ்டலில் இருந்த மகளுக்கு வாராவாரம் எழுதிய கடிதத்திலும் அது பாய்ந்தது. இரண்டாம் வருஷப் படிப்பின்போது மகளிடமிருந்து எட்டுப் பக்கக் கடிதம் ஒன்று வந்தது. என்ஜினீயரிங் தனக்குப் பிடிக்கவில்லை, சித்திரம் படிக்க ஆசை என்று எழுதியிருந்தாள். நான் பதிலாக எழுதியது ஒரே வரி. "எடுத்த படிப்பை முடி." அடியில் புலி. அவள் முடித்தாள், உத்தியோகமும் பார்க்கிறாள். அந்த விஷயத்தைப் பிறகு நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

சென்ற கோடை விடுமுறையில், அவளுடைய ஆறு வயதுப் பையன் தன் பிறந்த நாளுக்கு நான் எழுதிக் கொடுத்த வாழ்த்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, இந்தப் புலிக்கு யார் மேலே கோபம்?" என்று கேட்டான்.

சமையலறையிலிருந்து என் மகள் சிரித்துக்கொண்டே, "எல்லார் மேலேயும்தான்!" என்றாள். பிறகு, சிரிப்பு அடங்கிய குரலில், "ஹாஸ்டலுக்கு உங்கள் கடிதம் வந்தால் முதலில் புலியைத்தான் பார்ப்பேன், அப்பா. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பேன்" என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயந்த பிள்ளைக்குத் தைரியம் சொல்வதற்காக ஒரு தகப்பனார் வரைந்த புலியை, நான் என் பிள்ளையைப் பயமுறுத்துவதற்காக அல்லவா வளர்த்திருக்கிறேன்!

வேறு மிருகமாக மாறிவிடுவது என்று தீர்மானித்தேன். கழுதையை வரைந்தேன். "கழுதை பொறுமைசாலி ஆயிற்றே, உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" என்றாள் மனைவி. அணிலை வரைந்தேன். "அது சேது கட்டும்போது மணல் சுமந்தது. நீங்கள் ஒரு நாளாவது காய்கறிப் பை சுமந்ததுண்டா?" என்றாள். கடைசியில், 'புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது' என்ற பழமொழி நினைவுக்கு வர, மேலெல்லாம் தழும்புள்ள ஒரு பூனையை வரைந்தேன். இதுவே என் உண்மை ஸ்வரூபம் என்று சிறிது நேரம் பெருமைப்பட்டேன். ஆனால் என்னை நானே மட்டம் தட்டிக்கொள்வதில் ஒரு டம்பம் இருந்தது. புலி வேஷத்தைப் போலவே அதுவும் ஒரு வேஷம்தான். கிழித்துப் போட்டேன்.

மாறுவது ஒன்றும் அவமானமில்லை. 1950 ஜனவரி 26-ல் நம் தேசம் சாரநாத் சிங்கங்களைத் தன் முத்திரையாக ஏற்றது. தேசிய மிருகமாகவும் முதலில் சிங்கமே விளங்கியது. ஆனால் அந்தச் சிங்கம் கிர் காட்டில் மட்டுமே எஞ்சியிருந்தது. புலியோ பல ராஜ்யங்களின் காடுகளில் உலாவியது. 1970-களின் தொடக்கத்தில் அந்த ஸ்தானம் புலிக்குக் கிடைத்தது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டமும் ஆரம்பமாயிற்று. முத்திரைச் சிங்கங்கள் கோபித்துக்கொள்ளாமல் தங்கள் இடத்திலேயே இருக்கின்றன.

பின்லாந்து தேசத்துச் சித்திரக்காரி டோவே யான்ஸன், 'கார்ம்' என்ற கேலிப் பத்திரிகைக்கு வரைந்த காலத்தில், தம் கையெழுத்தின் பக்கத்தில் நீண்ட மூக்குள்ள ஒரு சிறு பிராணியைப் போட்டு வந்தார். ஆரம்பத்தில் அது மெலிந்து சிடுசிடுப்பாக இருந்தது. 1945-ல் அதை வைத்து முதல் கதைப் புத்தகம் வெளிவந்தது. அதன் பிறகு அது வர வர உருண்டு திரண்டு, குழந்தைகளெல்லாம் கொஞ்சும் 'மூமின்' ஆகிவிட்டது. இந்தக் காலத்து இளைஞர்களிலும் பலர் தங்களுக்கென்று ஒரு மிருக உருவத்தைக் கற்பித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் இத்தகைய அன்பர்கள் 2006 முதல் கூடி வருகிறார்கள். தாங்கள் மாறினால் உருவத்தையும் திருத்திக்கொள்ள அவர்கள் தயங்குவதில்லை.

பேரனை அழைத்துக்கொண்டு வண்டலூருக்குப் போனேன். நல்ல வெயில். புலி ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்து வரையில் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. புலி தண்ணீரில் பிரியமுள்ளது, நன்றாக நீந்தும் என்று படித்திருக்கிறேன். அது வேட்டையில் ஜயிப்பதைக் காட்டிலும் தோற்பதே அதிகம் என்பதும், ஒரு புலியின் வரிகளைப் போல் இன்னொரு புலிக்கு வரிகள் இருப்பதில்லை என்பதும் தெரியும். ஆனால் அன்று நான் கண்டது வேறு. அதன் காதுகளின் பின்புறத்தில், கறுப்பு நடுவே, பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு! பின்னால் குழந்தைகள் போடும் கூச்சலுக்கெல்லாம் அந்தக் காதுகள் மட்டும் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தன. வாய் மூடியே இருந்தது.

ஐம்பது வருஷமாகப் புலி வரைந்தவன், அதற்குக் காது இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து வரைந்தேன். அதே புலிதான், அப்பா கொடுத்ததை விட மனம் வரவில்லை. வாலை இறக்கினேன். வாயை மூடினேன். மூக்குக் கண்ணாடி மாட்டினேன். உட்காரவைத்து, முதுகைத் திருப்பி, இரண்டு காதுகளையும் பெரிதாகப் போட்டேன். "தொப்பையை மறைப்பதற்காகத் திருப்பிவிட்டீர்களா?" என்றாள் மனைவி. தொப்பையையும் சேர்த்தேன்.

ஊருக்குத் திரும்பிவிட்ட மகளுக்கு அந்தச் சித்திரத்தை அனுப்பினேன். அதன் கீழே ஒரு கேள்வியும் எழுதினேன். "அந்த எட்டுப் பக்கக் கடிதத்தில் இருந்ததை இப்போது சொல்வாயா?"

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் டெலிபோனில் கூப்பிட்டாள். முக்கால் மணி நேரம் பேசினாள். சில இடங்களில் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டுமென்று நாக்குத் துறுதுறுத்தது. வாயைத் திறக்காமல் கேட்டேன். சிரமமாகத்தான் இருந்தது.

முடிவில் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "காது சரியில்லை, அப்பா" என்றாள்.

"எனக்கா?"

"புலிக்கு. புலிக் காது வட்டமாக இருக்கும். நீங்கள் பூனைக் காது போட்டிருக்கிறீர்கள். வரைந்து அனுப்புகிறேன், பார்த்துப் போடுங்கள்."

அவள் வரைந்து அனுப்பிய காதுகளைத்தான் இப்போது போட்டு வருகிறேன்.