“நானாயிருந்தால்!”

வசியம் என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது மை, தாயத்து, எலுமிச்சம்பழம், நள்ளிரவு. பாட்டிமார் சொல்லும் கதைகளில் மந்திரவாதி ஒருவன் வருவான், கண்ணை உருட்டுவான், எதிரே நிற்பவன் தன் வீட்டுச் சாவியைத் தானே எடுத்து நீட்டிவிடுவான். இங்கிலாந்தில் டெர்ரன் பிரவுன் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் மையும் கிடையாது, தாயத்தும் கிடையாது. அமானுஷ்ய சக்தி ஏதும் தமக்கு இல்லையென்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். செப்படி வித்தை, மனோதத்துவம், பேச்சுச் சாதுரியம், கொஞ்சம் நாடகம் இவற்றைக் கலந்து டெலிவிஷனில் வித்தை காட்டுகிறவர். 2000-ஆம் ஆண்டில் சேனல் 4 நிலையத்தில் அவர் தொடங்கிய முதல் நிகழ்ச்சிக்கே ‘மைண்ட் கண்ட்ரோல்’ என்றுதான் பெயர்.

2003 அக்டோபரில் அவர் கைத்துப்பாக்கியைத் தம் தலையில் வைத்துக்கொண்டு விசையை அழுத்தியபோது அந்நாடே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. ஆறு அறைகளில் எதில் தோட்டாவைப் போட்டான் என்பதை, போட்ட மனிதனின் குரலைக் கொண்டே கண்டுபிடிப்பதாக ஏற்பாடு. போலீஸ் அதிகாரிகள் கண்டித்தார்கள். நிகழ்ச்சி நடந்த ஜெர்சித் தீவின் போலீசாரோ உயிருக்கு ஆபத்தான தோட்டா எதுவும் அங்கே இருக்கவில்லை என்று பிறகு அறிவித்தார்கள். பார்த்தவர்களில் பாதிப்பேருக்குக் கோபம், பாதிப்பேருக்கு ஏமாற்றம்! மனிதன் பிழைத்தானே என்று மகிழ்ந்தவர் எத்தனை பேரோ!

நாம் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. 2016 ஜனவரியில் இங்கிலாந்திலும், 2018 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகெங்கும் வெளியான ‘தி புஷ்’ என்ற நிகழ்ச்சியைப் பற்றியது. நாம் மனோதத்துவம் படித்தவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, நாக்பூரில் ரெயில்வே கூட்ஸ் ஆபீஸில் வாகன் கணக்கைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தா. சென்ற தீபாவளி விடுமுறையில் அஜ்னி காலனியில் நம் வீட்டுக் கூடத்தில், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நான்கு சேர்ந்து இதைப் பார்த்தோம். இங்கிலீஷ் புரியாத பெரியவர்களுக்கு அடுத்த வீட்டுக் கல்லூரிப் பெண் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலில் ஆள் எடுக்கும் பரீட்சை. மணி அடிக்கும், ஏற்கெனவே சொல்லிவைத்த சிலர் எழுந்து நிற்பார்கள். காரணம் தெரியாமலே மற்றவர்களும் எழுவார்கள். சொல்லிவைத்தவர்கள் போன பின்னும், மிச்சமிருப்பவர்கள் மணிக்கு மணி எழுந்து உட்கார்ந்துகொண்டேயிருப்பார்கள். மணிக்கே பிழைப்பு நடத்துகிற ரெயில்வேக் குடும்பங்களல்லவா? கூடத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்தது தர்மஸ்தாபனம் ஒன்றுக்காகப் பணக்காரர்கள் கூடும் ஏல விருந்து. உதவிக்கு வருகிற இளைஞன் ஒருவனைத் தவிர அங்குள்ளோர் எல்லாரும் நடிகர்கள். தர்மஸ்தாபனமே பொய். அவனிடம் முதலில் கேட்பது மிகச் சின்னக் காரியம்: மாமிசப் பண்டங்களில் ‘சைவம்’ என்று அடையாளம் வைத்துவிட வேண்டும். அவன் தயங்குகிறான், பிறகு வைத்துவிடுகிறான். கொலை வரப்போகிற கதையில் நம் தாயாருக்குப் பொறுக்காமற்போனது இந்த இடந்தான்! “அடப் பாவி, நம்பிச் சாப்பிடுகிறவர்கள் கதி?” என்று எழுந்தே விட்டார்.

அந்த ஒரு பொய்க்குப் பின் படிகள் வளர்கின்றன. பெரிய நன்கொடையாளர் ஒருவர் திடீரென்று விழுந்து ‘இறக்கிறார்’. விருந்து கெடாமலிருக்கப் பிணத்தை ஒளித்து வைக்க வேண்டும். இறந்தவராகத் தானே நடிக்க வேண்டும். ஒவ்வொரு படியும் முந்தியதைவிடக் கொஞ்சமே உயரம். கடைசியில் மொட்டை மாடியின் விளிம்பில், இறந்ததாக நினைத்தவர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தள்ளிவிட்டால் எல்லாரும் தப்பலாம் என்று சுற்றி நிற்பவர்கள் நெருக்குகிறார்கள். நான்கு பேரிடம் தனித்தனியே இந்த நாடகம் நடத்தப்பட்டது. முதலாமவன், நாம் நெடுநேரம் கூடவே நடந்து வந்த அந்த இளைஞன், மாட்டேன் என்று நின்றுவிட்டான். மற்ற மூவரும் தள்ளினார்கள். விழுந்தவர் கயிற்றில் கட்டப்பட்டிருந்தார் என்பது தள்ளிய பிறகே அவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் இதைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்களோ, அதையேதான் நம் கூடத்திலும் சொன்னார்கள். “எல்லாரும் நடிகர்களே” என்றார் ஒருவர். தம் நிகழ்ச்சிகளில் சோதனைக்கு உள்ளாகிறவர்கள் நடிகர்கள் அல்லர் என்று பிரவுன் எப்போதும் சொல்லி வந்திருக்கிறார். ஆயினும் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. “ஒரு மனிதனுக்கு இப்படிக் கொடுமை செய்யலாமா?” என்றார் இன்னொருவர். இது நியாயமான கேள்வி என்பது நம் அபிப்பிராயம். எல்லாவற்றையும்விட உரக்க எழுந்த குரல் மூன்றாவது: “நானாயிருந்தால் முதல் படியிலேயே எழுந்து வந்திருப்பேன்!”

இந்த மூன்றாவது கட்சியில் நமக்கு நம்பிக்கை குறைவு. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டான்லி மில்கிராம் 1961-ல் ஒரு சோதனை நடத்தினார். தவறாகப் பதில் சொல்பவனுக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. அதிர்ச்சி பொய், அலறுகிறவன் நடிகன். ஆயிரத்தில் ஒருவர்தான் கடைசி வரை போவார் என்று மனோவைத்தியர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். போனவர்களோ 40 பேரில் 26 பேர், 450 வோல்ட் வரை! பிரவுனின் நான்கில் மூன்று என்ற கணக்கை நாம் இதனோடு சேர்த்துப் பேசமாட்டோம். அவர் மணியடித்துப் பார்த்து, எழுந்து நிற்கிறவர்களாகவே பொறுக்கியெடுத்தார். அது உலகத்தாரின் விகிதம் ஆகாது. மில்கிராம் சோதனையில் இன்னொரு விவரமும் உண்டு. கட்டளையிடுபவர் அறையைவிட்டு வெளியே போய் டெலிபோனில் சொன்னபோது, கீழ்ப்படிந்தவர் தொகை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

டெலிபோன் என்ற சொல் வந்ததும், அதுவரை வாய் திறவாமல் இருந்த ஒருவர் பேசினார். ஓய்வுபெற்ற கார்டு, காலனியில் எல்லாருக்கும் மாமா. முப்பத்தைந்து வருஷம் பச்சைக்கொடி காட்டிய கை. பெயரைப் போடவேண்டாம் என்றார், எழுதச் சம்மதித்தார்.

“முதலில் கதவைச் சாத்து என்றான், தம்பி. அவ்வளவுதான் கேட்டான்.”

ஏழு மாதங்களுக்கு முன், அவர் பெயரில் வந்த பார்சலில் போதைச் சரக்கு இருக்கிறதென்று ஓர் அழைப்பு வந்ததாம். பிறகு கைப்பேசித் திரையில் போலீஸ் உடுப்பில் ஒருவன். வீடியோவை அணைக்கக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது. இது ‘டிஜிட்டல் கைது’. குரல் மட்டும் போதாதென்று முகத்தையும் உடுப்பையும் காட்டுவது, மில்கிராம் கண்ட அந்த வித்தியாசம் தெரிந்துதான் போலும். மாமா ஒன்பது மணி நேரம் அறையில் உட்கார்ந்திருந்தார். “தண்ணீர் குடிக்க உத்தரவு கேட்டேன். கேட்டதும் அவன் கொடுத்தான். அதற்கு அவனுக்கு நன்றி வேறு சொன்னேன்” என்றார். மாமி அப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் வங்கியில், இவ்வளவு தொகை யாருக்கு என்று கேட்ட பெண்ணிடம், மருமான் வீடு கட்டுகிறான் என்று பொய் சொல்லிவிட்டு 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயை அனுப்பியிருக்கிறார்.

அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. பிரதம மந்திரியே 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்தார். மாமாவும் கேட்டிருந்தாராம். கேட்டபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா? “இதற்கெல்லாம் ஏமாறுகிறவனும் ஒரு மனிதனா!”

ஏழு மாதமாக ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டோம். அவர் நம்மைப் பார்க்கவில்லை. சற்று முன் “நானாயிருந்தால்” என்று முழங்கிய அன்பரைப் பார்த்தார். கோபமாகவும் அல்ல. “இதைச் சொல்லுவார்கள் என்றுதான்” என்றார். அந்த அன்பர் தலை குனிந்துகொண்டார். உண்மையில் அவர் நல்லவர். மாமாவுக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறவரும் அவரே. அப்படிப்பட்டவரிடங்கூட மாமாவால் சொல்ல முடியவில்லை.

கல்லூரிப் பெண் மெதுவாகக் கேட்டாள்: “தாத்தா, உங்களுக்கு எந்த இடத்தில் சந்தேகம் வந்தது?”

“வந்துகொண்டேதான் இருந்தது, அம்மா. ஆனால் அதற்குமுன் செய்துவிட்டதெல்லாம் தப்பென்று ஆகிவிடுமே! அந்தப் பையன் மேலே நின்று மாட்டேன் என்றானே, அதுவரைக்கும் செய்ததைச் சுமந்துகொண்டே சொன்னான். அது எனக்கு வரவில்லை.”

பிறகு அந்த மூவரைப் பற்றி விசாரித்தார். தள்ளிய உடனே பிரவுன் வந்து உண்மையைச் சொல்லிவிட்டார் என்று அவள் சொன்னாள். “உடனேயா? அது நல்லது” என்றார் மாமா.

மறுநாள் காலை, இணைய மோசடிகளுக்கான 1930 என்ற எண்ணுக்கு நம் வீட்டிலிருந்தே பேசினார். ஏழு மாதம் கடந்த புகார். பணம் திரும்பும் என்று யாரும் வாக்களிக்கவில்லை. புகார் எண்ணைப் பழைய டைரி ஒன்றில் இரண்டு தடவை சரிபார்த்து எழுதிக்கொண்டு, புனேயில் இருக்கும் மகனுக்குப் போன் செய்வதற்காக வராந்தாவுக்குப் போனார்.