அம்பாசடரா, ஃபியட்டா?

மக்களே, எங்க வீட்டு ஷெட்டுல இப்போ ரெண்டு கிழடு கிடக்கு. ஒண்ணு மறைஞ்சுபோன பெரியப்பாவோட டீசல் அம்பாசடர். இன்னொண்ணு அப்பாவோட பிரீமியர் பத்மினி. கம்பெனி என்ன பேரு வச்சாலும் நாகர்கோவில் பக்கம் அது ஃபியட்டுதான். 2022ல ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 600ல இருந்து 5000 ஆச்சு. 2025 ஆகஸ்டுல, 20 வருசம் தாண்டுன காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. ரெண்டையும் வச்சுக் கட்டி மாரடிக்க முடியாது. எதை அனுப்பலாம்னு முடிவு பண்ணுற பொறுப்பு என் தலையில. வீட்டுல 'இன்ஜினியர்' நான்தானாம். சாஃப்ட்வேர்னு சொன்னா யாரு கேக்கா :-)

ஓட்டுறதுக்கு ஃபியட்டுதான் சுகம், சந்தேகமே இல்ல. 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். ஆனா உடம்பு லேசு, கிட்டத்தட்ட 900 கிலோ. கீரிப்பாறை ஏத்தத்துல முனங்காம ஏறும். அம்பாசடர் 1489 சிசி டீசல், 1100 கிலோவுக்கு மேல. ஹீட்டர் பிளக் சூடாகுற வரைக்கும் காத்திருந்து, உறுமிக்கிட்டு பைய கிளம்பும். ஆனா ஆடி மாசக் காத்துல ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டிப் பாருங்க. ஃபியட்டை காத்து ஓரமாத் தள்ளும், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கணும். அம்பாசடர் தேரு மாதிரி போகும். மண்டைக்காட்டு கொடைக்கு பெரியப்பா அதுல பத்து பேரை அடைச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காரு. தெருவுல பாதிப் பிள்ளைங்க பிரசவ ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தது அந்த வண்டியிலதான், நானும் சேர்த்து.

பராமரிப்புன்னு வந்தா கதை வேற. ரெண்டுக்கும் தனிச் சேஸி கிடையாது, பாடியேதான் சேஸி. துரு பிடிச்சா அழகு மட்டும் போகாது, பலமும் போகும். எங்க ஊரோ கடலுக்கு கூப்பிடு தூரம், ரெண்டு மழைக்காலம் வேற. ஃபியட்டோட தரைத் தகடு இதுவரை ரெண்டு தடவை வெல்டிங் பாத்தாச்சு. அம்பாசடர் தகடு கனம், தாங்குது. அதுக்குக் கேக்கது, நிப்பிள் எல்லாத்துலயும் நேரத்துக்கு கிரீஸ்.

அப்புறம் பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்து வர ஆரம்பிச்சதும் ஃபியட்டோட பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் டயாஃப்ரம் எல்லாம் மாத்த வேண்டியதாப் போச்சு. டீசலுக்கு அந்தத் தலைவலி இல்ல. ஸ்பேர் பார்ட்ஸும் அப்படித்தான். அம்பாசடர் 2014 வரைக்கும் உத்தர்பாராவுல இருந்து வந்த வண்டி. பத்மினி நின்னு சுமார் கால் நூற்றாண்டு ஆச்சு. மும்பையில கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபர்ல ஓய்ஞ்சாச்சு. அந்த டாக்ஸிகளை நம்பி இருந்த கடைகள் இனி எத்தனை நாளைக்கு?

கணக்குப்படி அம்பாசடர்தான் நிக்கணும். பெரியம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனா தெனமும் அதைத் தொடைக்காம காப்பி குடிக்க மாட்டாங்க. அப்பாவோ ஞாயித்துக்கிழமை வடசேரி சந்தைக்கு இன்னிக்கும் ஃபியட்டுலதான் போவாரு. முடிவைச் சொன்னதும் "செரி லே, ஓட்டுறவன் கைக்குக் குடு, கல்யாண மண்டபத்து வாசல்ல பொம்மையா நிக்க விடாதே"ன்னாரு. அதுக்கு மேல பேசல.

அப்படி ஓட்டுற ஆளு யாராவது தெரிஞ்சா சொல்லுங்க மக்கா. ரேடியேட்டர் புதுசு. தரைத் தகடு மட்டும் வந்து பாத்துக்கிடுங்க.